தட்டிப் பார்த்து வாங்கிய படகு

"ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன்" என்று இவர் சொன்னபோது, மீன் பிடிக்கிற சின்னப் படகாக்கும் என்று நினைத்து, "வாங்குங்களேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். அரை மணி கழித்துத்தான் விலையைச் சொன்னார். 80,000 வெள்ளி! கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அது 2000-ம் வருஷம். நாங்கள் சிங்கப்பூர்வாசிகள். இவருக்கு 55 வயது முடிந்து, மத்திய சேமநிதியிலிருந்து ஒரு தொகை கைக்கு வந்திருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த பணம். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, பையன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். பாதிப் பணம் இவர், பாதி இவருடைய பழைய சீன நண்பர் என்று ஏற்பாடாம். "பாதின்னா மட்டும்? நாற்பதாயிரம் சும்மாவா?" என்றேன்.

ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1972-ல் எங்களுக்குக் கல்யாணமானபோது, இவர் ஜூரோங்கில் அமெரிக்கன் மரீன் என்ற படகுப் பட்டறையில் எஞ்சின் பிட்டர். நியூட்டன் என்கிற அமெரிக்கர் தம் பிள்ளைகளோடு 1956-ல் ஹாங்காங்கில் ஆரம்பித்த கம்பெனி அது. பிறகு இங்கேயும் பட்டறை போட்டார்கள். 'கிராண்ட் பேங்க்ஸ்' என்று பெயர் வைத்து அவர்கள் கட்டிய உல்லாசப் படகுகள் உலகம் பூராவும் போயின. வேகமாகப் பறக்கிற படகு இல்லை. மீன்பிடிக் கப்பலின் சாயலில், கெட்டியாக, மணிக்கு ஏழெட்டு கடல் மைல் நிதானமாகப் போகும். உள்ளே தேக்குச் சுவர், தேக்குத் தரை, அடுப்படி, படுக்கை எல்லாம் உண்டு.

முதலில் மரத்தில்தான் கட்டினார்கள். இவர் வீட்டுக்கு வந்தால் மரத்தூள் வாசனை வரும். 1973-ல் பைபர்கிளாஸுக்கு மாறினார்கள். வெளிப்பக்கம் பலகை பலகையாய்த் தெரிகிற மாதிரி கோடு போட்டே வார்த்தார்கள். பழைய மரப்படகின் அழகு போய்விடக் கூடாது என்று! அவர்களுக்கு அழகு. எனக்கு அரிப்பு. அந்தக் கண்ணாடித் தூள் இவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். தெரியாமல் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். ராத்திரி முழுக்கக் குழந்தை அழுகை, உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாய். அன்றிலிருந்து இவர் உடுப்புக்குத் தனி வாளி. (வீட்டில் யாராவது இந்த வேலை செய்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். அரிக்கிற இடத்தைத் தேய்க்கக் கூடாது; தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.)

சில வருஷம் கழித்து இவர் வேறு கப்பல் பட்டறைக்கு மாறிவிட்டார். ஆனாலும் எங்காவது ஒரு கிராண்ட் பேங்க்ஸைக் கண்டால் நின்றுவிடுவார். "நூத்துக்கணக்கில எஞ்சின் மாட்டியிருக்கேன். ஒண்ணுலகூட உட்கார்ந்து போனதில்லை" என்பார். அதைச் சொல்லும்போது சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

விற்பனைக்கு வந்தது 32 அடிப் படகு, எழுபதுகளில் கட்டியது. பார்க்கப் போனோம். அம்மாடி, என்ன பளபளப்பு! மேல்தளத்துத் தேக்குப் பலகை, தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது. தரகர், வாராவாரம் ஆள் வைத்துப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். இவரும் நண்பரும் கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

நான் படுக்கை அறைக்குள் இறங்கினேன். மழைக்காலத்தில் மூடியே வைத்த துணி அலமாரியைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அதே வாடை. ஊதுவத்தி மாதிரி எதையோ வைத்து மறைத்திருந்தார்கள்.

"ஏங்க, ஒரு சர்வேயரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்களேன்."

"நாங்க கட்டின படகும்மா இது. எங்களுக்குத் தெரியாததையா அவன் சொல்லப் போறான்?"

இவருக்குக் கோபம். நான் விடவில்லை. "பெண் பார்க்கப் போனப்பகூட எங்க அப்பாகிட்ட நாலு பேரை விட்டு விசாரிச்சீங்கதானே?" என்றேன். சர்வேயருக்கும், படகைக் கரையில் தூக்கி வைப்பதற்கும் பணம் நாங்களே கொடுத்தோம்.

அவர் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியல். நாம் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே வித்தைதான்! மேல்தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். 'டக், டக்' என்று கேட்ட சத்தம், முன்பக்கம் போனதும் 'தொப், தொப்' என்று மாறியது. ஈரம் பார்க்கும் கருவியை வைத்தார். முள் கடைசி வரை போய் நின்றது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துத் தளத்தில் தேக்குப் பலகைகளைத் திருகாணி போட்டுத்தான் முடுக்கியிருப்பார்கள். ஆணித் தலையை மரத் தக்கையால் மூடியிருப்பார்கள். அடியில் பைபர்கிளாஸ், அதற்கும் நடுவில் ஒரு மர அடுக்கு. வாராவாரம் முரட்டுப் பிரஷால் தேய்த்ததில் பலகை மெலிந்து, தக்கை கழன்று, ஆணி வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்மரம் ஊறிப் போயிருந்தது. தேக்கை உப்புத் தண்ணீர் விட்டு, இழைக்குக் குறுக்கே மெதுவாகக் கழுவினால் போதுமாம். கட்டினவர்கள் மேல் குற்றமில்லை. சுத்தம் செய்தே கெடுத்திருந்தார்கள். மாமியார் வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தே ஓட்டையாக்கிய என் ஓரகத்தி ஞாபகம் வந்தது!

சரிசெய்யக் கிட்டத்தட்டப் பாதி விலை ஆகும் என்றார் சர்வேயர். இவர் பேசவேயில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அந்தத் தக்கை கழன்றதை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்" என்றார்.

அதோடு ஆசை விட்டது என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து இன்னொன்று வந்தது, அதே 32 அடி. சொந்த ஊருக்குத் திரும்பப் போகிற வயதான வெள்ளைக்காரருடையது. நூலாம்படை, கரப்பான்பூச்சி, மேல்தளம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எனக்கு முகம் சுளித்தது. ஆனால் தேக்கு வெயிலில் அப்படித்தான் நரைக்கும், அதனால் கெடுதல் இல்லை என்று இவர் சொன்னார். உள்ளே இறங்கி மோந்து பார்த்தேன். தூசி வாசனைதான், ஈர வாடை இல்லை.

இந்தத் தடவை இவரே சர்வேயரைக் கூப்பிட்டார். எஞ்சினை ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால் இவர் அதன்மேல் கை வைத்துப் பார்த்தார். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் கிளம்பாத குறை தெரியாதாம். அது லேமன் என்ற கம்பெனி கடலுக்கு ஏற்றபடி மாற்றிய போர்டு டீசல் எஞ்சின், 120 குதிரை சக்தி. அதன் எண்ணெயைச் சின்னப் புட்டியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நமக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி! உள்ளே இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, உப்புத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். எஞ்சினுக்கு நல்ல ஆரோக்கியம். ஒரு ஜன்னலோரம் ஈரமும், இரும்பு டீசல் தொட்டியின் மேல்விளிம்பில் துருவும் இருந்தன. அதைக் காட்டி 5,000 வெள்ளி குறைத்தோம். கடைசியில் 57,000-க்கு முடிந்தது.

எங்கேயாவது தன் கைவேலை என்று அடையாளம் தெரியுமா என்று எஞ்சின் அறையில் டார்ச்சோடு அரைநாள் தேடினார் இவர். ஒன்றும் இல்லை. "எல்லாம் ஒரே மாதிரிதானே மாட்டினோம்" என்று வெளியே வந்தார்.

ஜன்னலோரத்து ஈரத்தை இவரும் நண்பருமே அறுத்தெடுத்து, புதுசாய் பைபர்கிளாஸ் ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். எடுத்த என் கை சுருக்கென்று அரித்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது அந்த அரிப்பைப் பார்த்து. பரணில் கிடந்த பழைய வாளியை இறக்கி, சட்டையைத் தனியாக ஊறப் போட்டேன்.