நெல் குடியிருந்த வீடுகள்

திருகோணமலை என்றதும் நம் நினைவுக்கு வருபவை துறைமுகமும் கோணேசர் கோயிலுமே. மாணவரை அழைத்து வருவோரும் அவ்விரண்டையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். துறைமுகத்தை விட்டுக் கந்தளாய் நோக்கிச் சென்றால் தம்பலகாமத்து வயல்வெளி விரியும். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் நிலம் அது. அக்குளத்தைக் கட்டுவித்தவன் குளக்கோட்டன் என்பது மரபு. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்பர் வரலாற்றாசிரியர். எவன் கட்டுவித்தானாயினும், அதன் நீர் வயலை மட்டுமன்றி, வயலுடையார் வீட்டையும் வகுத்தது.

நெல் விளையும் பள்ளத்தில் எவரும் வீடு கட்டார். அயலிலுள்ள மேட்டுநிலமே குடியிருப்பு. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர். கிடுகோ வைக்கோலோ வேய்ந்த கூரை. வாடைக் காற்றோடு வரும் மாரி மண்சுவரைக் கரைத்துவிடும் ஆதலின், குனிந்து நுழையுமளவு கூரையைத் தாழ இறக்கினர். அத்தாழ்வாரமே கலப்பைக்கும் நுகத்துக்கும் இடமாயிற்று.

வளவில் முதன்மை பெற்றது கொம்பறை. கற்களின்மேல் மரச்சட்டம் இட்டு, அதன்மேல் தடிகளாற் கூடு பின்னி, களிமண்ணும் சாணமும் குழைத்து மெழுகிய நெற்களஞ்சியம் அது. அடியிற் காற்று உலாவுதலால் ஈரம் ஏறாது. கறையான் வந்தாலும் உடனே கண்ணுக்குப் படும். அடுப்பு நெருப்புக்கு அஞ்சி அதனை அடுக்களைக்குத் தொலைவில், ஆனால் திண்ணையிலிருந்து நோக்கினால் தெரியும்படி அமைத்தனர். வீட்டுக்குரியவர் வெளித்திண்ணையிற் படுப்பார். நெல்லோ நாற்புறமும் அடைத்த அறையில் உறங்கும்!

முற்றம் அகன்றிருந்தது அழகுக்காக அன்று. அவித்த நெல்லைப் பாயிற் பரப்பி உலர்த்தவும், உரலிற் குற்றவும், புடைக்கவும் அவ்வளவு வெளி வேண்டும். அடுக்களை முற்றத்தை ஒட்டித் தனியே நின்றதும் அதனாலேயே. காவற்காலத்தில் ஆண்கள் வயல்வாடியிலும் பரணிலும் யானைக்கும் பன்றிக்கும் விழித்திருப்பர். ஊரிலுள்ள வீடு அப்பொழுது பெண்களின் ஆட்சியிலிருக்கும்.

இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தருகிறது. வியாபாரியின் லொறி அருகே காத்து நிற்கிறது. 2006-இல் போரால் இடம்பெயர்ந்து, 2015-க்குப் பின் சம்பூர்ப் பக்கம் மீண்ட குடும்பங்களுக்கும் பெரும்பாலும் சிறு கல்வீடுகளே கிடைத்தன. மழைக்கு அஞ்சாத வீடு பெரும்பேறு. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அவ்வீட்டு வரைபடத்தில் நெல்லுக்கென ஓரிடமில்லை. கொம்பறையுடையார் விலை ஏறும்வரை பொறுத்திருக்கலாம். ஈரநெல்லை வைத்துக் காக்க வழியற்ற கமக்காரரோ வியாபாரி கேட்ட விலைக்கு அன்றே கொடுத்தாக வேண்டும்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் இப்பக்கம் வருவோர் தார்வீதியின் ஓரத்தைப் பார்க்கட்டும். வாகனங்கள் ஏறாதபடி கற்களை வரிசையாக வைத்து, அங்கே நெல் காயவிட்டிருப்பார்கள்.