ஏழும் எட்டும்

சித்தப்பா டிஷ்யூ தாளில் இரண்டு எண்களை எழுதி என் பக்கம் தள்ளினார். மேலே 7. கீழே 8.

"பாத்தியா? இறங்குறானுங்க."

சுங்கை வேயில் கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் எங்களுக்கு ஒரு மாமாக் கடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவானால் சித்தப்பா, நான், தம்பி மூவரும் அங்கேதான். அவர் சொன்னது ஜேடிடியைப் பற்றி. ஜொகூர் டாருல் தாக்சிம் 2014இலிருந்து சூப்பர் லீக் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. 2023 பருவத்தில் 26 ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல் 7. 2024-25 பருவத்தில் 24 ஆட்டங்களில் 8.

"ரெண்டு ஆட்டம் கொறஞ்சிருக்கு, ஒரு கோல் கூடியிருக்கு. டிஃபென்ஸ் தேயுதுடா. இன்னும் ரெண்டு வருஷம், பாரு."

அதே இரண்டு பருவங்களில் அவர்கள் அடித்த கோல்கள் 100, 90. இரண்டிலும் ஒரு தோல்விகூடக் கிடையாது, தலா ஒரே ஒரு சமநிலை. இதையெல்லாம் சித்தப்பா தாளில் எழுதவில்லை. தம்பி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எனக்கு இந்த மாதிரி எண்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். இங்கே ஃப்ரீ டிரேட் ஸோனில் ஒரு தொழிற்சாலையில் சில்லுகளின் ஆயுளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் ஏழு பழுது, இந்த மாதம் எட்டு, தரம் குறைகிறது என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், எங்கள் மேலாளர் அவரை வெளியே அனுப்பாத குறைதான். எண்கள் சின்னதாக இருக்கும்போது அவை தாமாகவே ஆடும். ஒரு அணியில் எதுவுமே மாறாமல், சராசரியாக ஏழு கோல் வாங்குகிற நிலையிலேயே இருந்தாலும், ஒரு பருவம் நாலு வரலாம், இன்னொரு பருவம் பத்து வரலாம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு கதையும் இல்லை. இதைத்தான் நான் சித்தப்பாவுக்கு விளக்கினேன். அதே தாளின் பின்பக்கத்தில் வர்க்கமூலமெல்லாம் போட்டு, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது போல விளக்கினேன்.

தம்பி கேட்டான்: "அப்ப அவங்க டிஃபென்ஸ் உடையாதாண்ணே?"

"எங்க உடையறது? இந்த லீக்ல யாரு வந்து உடைக்கப் போறா?"

அவன் எழுந்து கை கழுவப் போனான். திரும்பி வந்து உட்காராமல் மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சித்தப்பா தே தாரேக்கை முடிக்கும் வரை பேசவில்லை. கார் நிறுத்தத்தில் சொன்னார்: "அவனுக்காகத்தான்டா சொன்னேன். கணக்கு எனக்கும் தெரியும்லா."

தம்பிக்கு இருபது வயது. மையத் தற்காப்பில் ஆடுகிறான். பகலில் உணவு டெலிவரி, ஞாயிறு காலையில் திடல். சென்ற வருஷம் ஒரு கிளப்பின் தேர்வுக்குப் போனான். இரண்டு நாள் ஓடவிட்டு, கடைசியில் உயரம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஆட்டத்தை விடட்டுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காரும், யாரும் எடுத்துப் பேசமாட்டோம். சித்தப்பாவின் கணக்கு இதுதான்: பெரிய சுவரில் விரிசல் விழுந்தால் கல் தேவைப்படும். பெரிய அணி மற்ற கிளப்புகளிலிருந்து ஆளை இழுக்கும், அங்கே இடம் காலியாகும், கீழேயிருந்து ஒருத்தன் ஏறுவான். அந்தக் கடைசி ஆள் தம்பியாக இருக்கலாம். ஒரு டிஷ்யூ தாளுக்கு இது அதிகமான பாரம். அதை நான் பின்பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

சித்தப்பா சிலாங்கூர்க்காரர், பழைய ரகம். மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற அணி கடைசியாக வென்றது 2015இல் என்பதை அவர் ஒத்துக்கொண்டாலும் வாயால் சொல்லமாட்டார். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று சாய்த்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது அவருக்குப் பதின்மூன்று வயது. நாம் மாஸ்கோவுக்குப் போகவில்லை, புறக்கணித்தோம். ஆனால் கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம், முன்னால் சந்தோக் சிங், சோ சின் ஆன் என்று அவர் சொல்லும்போது நேற்று பார்த்தது போலவே இருக்கும். அதற்கும் முன்னால் 1972 மியூனிக்குக்குப் போன எம். சந்திரன் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் என்பதை எங்கள் குடும்பக் கல்யாணங்களில் குறைந்தது இரண்டு முறையாவது கேட்டிருக்கிறேன். "நம்மாளு பின்னால நின்னா எவனும் தாண்டமாட்டான்" என்பது அவருடைய வரலாற்றுப் பார்வை. வரலாறு அப்படி எளிமையானது இல்லை என்று அவரிடம் சொல்ல நான் இன்னும் முயலவில்லை.

தம்பிக்கு அந்தக் காலம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவிலிருந்து வளர்ந்த அணி. 2019இல் சூப்பர் லீக்குக்கு வந்தபோது அவனுக்குப் பதினாலு வயது. கிளானா ஜெயா எம்பிபிஜே அரங்கம் எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிஷம். சித்தப்பா பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஆடியவர்கள் எல்லாரும் நம் ஆட்கள் இல்லை. ஆனால் பயிற்றுநராக முதலில் கே. தேவன், பிறகு பி. மணியம். பக்கக்கோட்டில் நின்று அவர்கள் கத்துவதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். கடைசியாக ஆடிய 2022 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாமலே ஆடினார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் அணி லீக்கைவிட்டு விலகியது. தம்பிக்கு அப்போது பதினேழு. அதன் பிறகு அந்த அரங்கத்தைக் கடந்து போகும்போது அவன் தலையைத் திருப்பமாட்டான். நான் திரும்பிப் பார்ப்பேன். எனக்குப் பந்து பெரிய விஷயம் இல்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது கணக்காகச் சரி. ஆனால் ஒரு இடத்தில் நானே என் தொழிலை மறந்துவிட்டேன் என்று தோன்றியது. சில்லுகளை நாங்கள் அறை வெப்பத்தில் வைத்து, "பழுதே இல்லை" என்று கையெழுத்துப் போடுவதில்லை. 125 டிகிரியில் ஆயிரம் மணி நேரம் வேகவைத்துவிட்டுத்தான் பேசுவோம். சூப்பர் லீக் ஜேடிடிக்கு அறை வெப்பம். எதிரணிகள் பத்துப் பேரைப் பின்னால் குவித்துவிட்டு மூன்று கோலுக்குள் தப்பித்தால் போதும் என்று ஆடுகின்றன. ஜேடிடியின் மையத் தற்காப்பாளர்கள் இருவரும் பாதி நேரம் நடுக்கோட்டில் இடுப்பில் கைவைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே ஏழு கோலா எட்டு கோலா என்பது சுவரைப் பற்றி எதுவும் சொல்லாது. மழையே பெய்யாத ஊரில் கூரை ஒழுகுமா என்று எப்படிச் சொல்வது?

அதனால் சூட்டில் வைத்த எண்களை எடுத்துப் பார்த்தேன். ஆசிய வெற்றியாளர் லீக், 2022: ஜொகூரிலேயே நடந்த குழு ஆட்டங்களில் தென்கொரியாவின் உல்சானை இரண்டு முறை வென்று ஜேடிடி முதலிடம் பிடித்தது. பெரிய சாதனைதான். அதே குழுவில் கவாசாக்கியிடம் 0-5. ஆகஸ்டில் உராவாவிடம் 0-5, வெளியேற்றம். மறுவருஷம் நவம்பரில் உல்சானைச் சொந்த மண்ணில் மறுபடி வென்றார்கள், அதே மாதம் கவாசாக்கியில் 0-5. உள்நாட்டில் ஒரு முழுப் பருவத்துக்கு ஏழு கோல் வாங்கிய அதே 2023இல், ஒரே இரவில் ஐந்து.

சித்தப்பா இதைப் பார்த்தால் குதிப்பார். ஆனால் 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமிடம் தோற்று வெளியேறியபோது இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கியது ஒரே கோல். எதிரணி வேறு என்பது உண்மைதான், புரிராம் கவாசாக்கி இல்லை. இருந்தாலும் சூட்டில் வைத்த எண்களைப் பார்த்து யாரும் "தேய்கிறது" என்று சொல்லமுடியாது.

தேய்ந்தாலும்தான் என்ன? அந்தச் சுவரில் நின்றவர்களின் பெயர்களைப் பாருங்கள். வலதுபுறம் மேத்யூ டேவிஸ், பெர்த்தில் பிறந்தவர். இடதுபுறம் லாவெர் கார்பின்-ஓங், லண்டனில் பிறந்தவர். நடுவில் பிரேசிலின் மௌரீசியோ, ஸ்பெயினில் பிறந்து இந்தோனேசியக் குடியுரிமை பெற்ற ஜோர்டி அமாட். ஷாருல் சாட் மாதிரி இங்கேயே வளர்ந்தவர்களும் உண்டு. முன்பு எஸ். குணாளனும் அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறார். ஆனாலும் அங்கே விரிசல் விழுந்தால் முதலில் பறப்பது விமான டிக்கெட்டுதான். சித்தப்பாவின் கல் ஏணியில் பல படிகளை நடுவிலேயே உருவியாகிவிட்டது. பெட்டாலிங் ஜெயா சிட்டி அப்படிப்பட்ட ஒரு படி.

அந்தச் சுவரை உள்நாட்டிலேயே உடைத்தவர்களும் இருந்தார்கள். 2021 நவம்பர் 30, புக்கிட் ஜாலில், மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். கோலாலம்பூர் சிட்டி 2-0. சாஃப்ரி யாஹ்யா ஒன்று, பாவ்லோ ஜோசுவே ஒன்று, இரண்டும் சில நிமிஷ இடைவெளியில். வீட்டில் தொலைக்காட்சி முன்னால் தம்பி சத்தமே போடாமல் எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு எதிரணி பயந்து பின்னால் குவியவில்லை.

இரண்டு வாரம் தம்பி ஞாயிறு திடலுக்குப் போகவில்லை. கேட்டால் மழை என்றான், ஆர்டர் அதிகம் என்றான். மூன்றாம் சனிக்கிழமை இரவு அவன் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்க எனக்கு வராது. "மூணு தடவ அஞ்சு வாங்கியிருக்கானுங்கடா" என்றேன்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கணக்கு போட்டுக்கிட்டிருந்த."

கொஞ்ச நேரம் கழித்து அவனே கைப்பேசியை எடுத்து கவாசாக்கி ஆட்டத்தின் காணொளியைப் போட்டான். எனக்கு அதில் ஐந்து கோல்கள் தெரிந்தன. அவன் கோல்களைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு கோலுக்கும் ஆறேழு விநாடி முன்னால் நிறுத்தி விரலை வைத்தான். "இங்க பாருண்ணே, இவரு பந்தப் பாக்குறாரு, ஆளப் பாக்கல. லீக்ல அப்படி நின்னா பரவால்ல, யாரும் ஓடி வரமாட்டான். பழக்கமாயிடும்."

"நீயா இருந்தா?"

அவன் எழுந்து கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த ஒண்ணரை அடி இடத்தில் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் நின்றான். என்னை ஓடிவரச் சொன்னான். ஓட இடமில்லை, இரண்டு எட்டு வைத்தேன். தோளை வைத்து அலமாரிப் பக்கம் ஒதுக்கிவிட்டான். அம்மா பக்கத்து அறையிலிருந்து என்னாடா சத்தம் என்றார்.

"உயரம் வேணாம்ணே இதுக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி காணொளியைப் பின்னால் ஓட்டினான். மணி ஒன்று. எனக்குக் காலையில் ஷிஃப்ட். அவன் இன்னும் இரண்டாவது கோலிலேயே இருந்தான்.