அரை இஞ்ச் மரை

மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு லேத், ஒரு சாணை, சுவர் முழுக்க ஆணியில் மாட்டிய ஸ்பேனர்கள். கோலி சோடா மெஷின் கெட்டுப்போனால் சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்கள் இங்கேதான் கொண்டுவருகிறார்கள்.

நான் போனபோது மேஸ்திரி ஒரு பழைய கைமெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். வார்ப்பிரும்புச் சட்டம், மரப்பிடி போட்ட சக்கரம், மூன்று பாட்டில் கொள்ளும் கூடு. மேலூர்ப் பக்கம் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவுடையது. அவருடைய மாமனார் வாங்கியதாம். பல வருஷம் தொழுவத்தில் கிடந்திருக்கிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, இப்படித் தொழுவத்திலிருந்தும் பரணிலிருந்தும் மெஷின்கள் இறங்கி வந்தன என்றார் மேஸ்திரி. அப்போது அவசரமாகப் பழுது பார்த்தவைதான் இப்போது மறுபடி அவரிடம் வருகின்றன.

கோலி பாட்டிலின் சூட்சுமத்துக்கு 1870களின் தொடக்கத்தில் லண்டன் கேம்பர்வெல்லில் இருந்த ஹைரம் காட் காப்புரிமை வாங்கினார். கழுத்துக்குள் ஒரு கோலி, வாயருகே ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிய பாட்டிலைக் கூட்டில் பொருத்தி, வாயை நாசிலோடு இறுக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் பாட்டில் தலைகீழாகும். உள்ளே வரும் கேஸ் கோலியை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தண்ணீருக்குள் குமிழியிட்டு ஏறும். கேஸை நிறுத்தியதும் கோலி வாய்க்கு இறங்கும். உள்ளிருக்கும் அழுத்தமே அதை வளையத்தோடு அழுத்திப் பூட்டிவிடும். மூடி இல்லை, தக்கை இல்லை. அடைபட்ட கேஸே தனக்குக் காவல் நிற்கிறது. இதைவிட எளிமையான அடைப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை.

எளிமை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கும். 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 57 பார். 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே நிற்காது. அதற்கு மேல் வெயில் ஏற ஏற அழுத்தமும் மளமளவென்று ஏறும். மதுரையில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ரெகுலேட்டர், மீட்டர், சேஃப்டி வால்வு மூன்றையும் மேஸ்திரி பழுது பார்ப்பதே கிடையாது. பழசைக் கழற்றித் தனியாகப் போட்டுவிட்டுப் புதுசுதான் மாட்டுகிறார்.

ஆனால் எல்லாவற்றையும் புதுசாக மாற்றிவிடும் ஆள் இல்லை அவர். தேய்ந்த பற்சக்கரத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவை உரித்து, பல் பல்லாகத் தடவிப் பார்த்து, “இது இன்னும் ஓடும்” என்று ஒதுக்கி வைத்தார். ஷாஃப்ட் சுழலும் புஷ் மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. லேத்தில் நிற்கும் தம்பி அதற்கு கன்மெட்டலில் புதுசு கடைந்துகொண்டிருந்தார். கேஸ் இந்த ஷாஃப்டின் நடுத்துளை வழியாகத்தான் போகிறது. புஷ் ஆடினால் கேஸ் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் ஒழுகும், கிளாண்ட் ஒழுகினால் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும்.

அவர் அதிக நேரம் உட்கார்ந்தது போல்ட்டுகளிடம். கூட்டை ஷாஃப்டோடு பிடிப்பவை அரை இஞ்ச் விட்வொர்த் மரை. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த கணக்கு அது: மரையின் கோணம் 55 டிகிரி, அரை இஞ்ச் போல்ட்டில் ஓர் இஞ்சுக்கு 12 சுற்று. இன்று கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது மெட்ரிக். அதன் கோணம் 60 டிகிரி. 12 மி.மீ. போல்ட்டில் 1.75 மி.மீ.க்கு ஒரு சுற்று. விட்வொர்த்தில் அது 2.1 மி.மீ.க்கும் மேல். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. ஆகவே 12 மி.மீ. போல்ட் பழைய மரைக்குள் சுலபமாக நுழையும். கொஞ்சம் போனதும் இறுகியது போலவும் நிற்கும்.

அந்த மெஷினில் முன்பு யாரோ அப்படி ஒன்றைப் போட்டிருந்தார்கள். மேஸ்திரி அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மரையின் முனைகள் மழுங்கி, ஒருபக்கம் மட்டும் பளபளத்தது.

“கைக்கு இறுக்கமாத்தான் இருக்கும், சார். நாலு மரையில ஒண்ணுதான் பிடிச்சிருக்கும். சக்கரத்தச் சுத்தச் சுத்த அதுவும் அந்துரும்.”

சரியான போல்ட்டைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி எடுத்துவருகிறார். கிடைக்காவிட்டால் கடைகிறார்கள். துளையைப் பெரிதாக்கி மெட்ரிக் மரை போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த இடத்தில் வார்ப்பிரும்பு ஏற்கெனவே மெலிசு. அவர் அதைத் தொடவில்லை. உதிரிப்பாகத் தொழிலில் அறிவு என்று நான் மதிப்பது இதைத்தான். மாற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாசிலை வைத்துத்தான் ஒரு வாக்குவாதம் நடந்தது. பழையது பித்தளை, உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மேஸ்திரி எவர்சில்வரில் கடைந்து வைத்திருந்தார். அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, “எங்க மாமா கை பட்டதுண்ணே. அதையே தேச்சுப் போட்ருங்களேன்” என்றார்.

“தாயி, சோடாத் தண்ணி செம்பையும் பித்தளையையும் கரைச்சிரும். முன்னாடி ஈயம் பூசியிருப்பாங்க, அது எப்பவோ போயிருச்சு. குடிக்கிறது சின்னப்புள்ளைக.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. கரியமில வாயு கரைந்த தண்ணீர் லேசான அமிலம். செம்பு கரைந்து இறங்கினால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அசல் பாகம் கெடக்கூடாது என்பார்கள். வீட்டு வரவேற்பறையில் நிற்கிற மெஷினுக்கு அது பொருந்தும். இது நாளை மறுநாள் மேலூரில் தாகத்துக்கு ஊற்றப் போகிற மெஷின். பழைய நாசிலைத் துடைத்துத் தாளில் சுற்றி அந்த அம்மாவிடமே கொடுத்தார்.

ரப்பரில் இன்னும் கறார். லாரி டியூபில் வெட்டிய வாஷரை அவர் வைப்பதில்லை. கேஸ் மெதுவாக ரப்பருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் உள்ளேயே விரிந்து கொப்புளம் கட்டும். பழைய வாஷர் ஒன்றை இரண்டாக அறுத்துக் காட்டினார், உள்ளே ஊசி குத்தியது போலத் துளைகள்.

மாலையில் சோதனை. ஐஸ் போட்ட தண்ணீரைப் பாட்டில்களில் ஊற்றினார்கள். குளிர்ந்த தண்ணீரில்தான் கேஸ் நன்றாகக் கரையும். 30 டிகிரித் தண்ணீரில் கரைவதைவிட 0 டிகிரியில் இரண்டு மடங்குக்கு மேல் கரையும். லேத் தம்பி ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் விழுந்த கீறல்தான் வெடிப்பு தொடங்கும் இடம் என்பதால் ஆழமான கீறல் இருந்தவை தனியே போயின. சக்கரம் சுழன்றது. கிளாண்டில் தடவிய சோப்பு நுரை அசையவில்லை. கேஸை நிறுத்தியதும் மூன்று கோலிகளும் அடுத்தடுத்து ‘டக்’கென்று வாய்க்கு இறங்கின. அந்த அம்மா ஒன்றை உடைத்துக் குடித்துவிட்டு, “காரம் இருக்குண்ணே” என்றார்.

பிறகு கணக்கு. கூட்டைச் சுற்றி மாட்டும் தகரக் கவசம் புதுசு; அது பில்லில் தனியாக இருந்தது. மாமனார் காலத்தில் அது இல்லவே இல்லை, அவர் சாக்கைப் போர்த்தித்தான் சுற்றினார் என்றார் அந்த அம்மா. மேஸ்திரி கடைசல் கூலியில் கொஞ்சம் குறைத்தார். பெயின்ட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். கவசத்தைக் கழற்றிக் கொடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

“அது இல்லாம மெஷின் இங்கருந்து போகாது, தாயி. மிச்சத்த ஆடியில குடு.”

லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கவசத்தோடுதான் மெஷினை ஏற்றினார்கள்.