கடல் பார்த்த அறை

அம்மாவுக்குக் கடல் என்றால் மாசிமகம். திருக்கண்ணபுரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தவர். சௌரிராசப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும் அந்த ஒரு நாளில் வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். தங்கள் குலத்துப் பெண்ணாகிய பத்மினி நாச்சியாரை மணந்தவர் என்ற உரிமையோடு மீனவர்கள் பெருமாளை 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று கூவி எதிர்கொள்வார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு முழுக்கு. ஈரப் புடவையோடு கட்டுச்சோறு. பொழுது சாய்வதற்குள் வீடு. கறவை மாடு காத்திருக்கும். இத்தனை ஆண்டுகளில் ஓர் இரவுகூட அவர் கடலோரத்தில் தங்கியதில்லை.

"ராத்திரியில கடல் என்னா பண்ணும் தம்பி? அப்பவும் இப்புடித்தான் சத்தம் போட்டுக்கிட்டே இருக்குமா?" என்று ஒருமுறை கேட்டார். கேட்டது எப்போதோ. எங்களுக்கு அது நினைவுக்கு வந்தது, நினைவுக்கு வருவது எங்களுக்கு வசதியாக இருந்த ஒரு நாளில்.

2018 பங்குனி. எங்களில் ஒருவர் காரைக்காலில் கல்லூரியொன்றில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்; மற்றவர் பள்ளியில் கணக்கு. அப்பாவும் அம்மாவும் (எங்களில் மற்றவருக்கு மாமாவும் அத்தையும்) பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். கல்லூரிக்கு நாக் குழு வரவிருந்த நேரம் அது. அந்தக் குழுவின் வருகை எப்படிப்பட்டது என்பதை ஆசிரியப் பணியில் இருப்போர் அறிவர். மற்றவர்களுக்கு விளக்குவது கடினம். ஐந்தாண்டுகளில் செய்தவற்றையும் செய்யாதவற்றையும் கோப்புகளாக ஆக்கிக் கூடத்தில் பரப்பியிருந்தோம். மற்றவருக்கு விடைத்தாள் திருத்தும் பணி. அப்பா ஒரு கோப்பின்மீது வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டார் என்பதற்காக வீட்டில் ஒரு நாள் முழுதும் யாரும் சரியாகப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் கடலோர விடுதி என்ற எண்ணம் உதித்தது. இரண்டு இரவுகள். இரண்டு அறைகள் எடுத்து நாங்களும் உடன் தங்குவது. மடிக்கணினியை எடுத்துப்போனால் வேலையும் நடக்கும். அம்மாவின் நெடுநாள் ஆசையை நிறைவேற்றுகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பொய் என்று சொல்லிவிட முடியாது. முழு உண்மை என்றும் சொல்ல முடியாது.

விடுதியின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் விளம்பரத் தாளில் இரண்டு செய்திகள் எங்களைக் கவர்ந்தன. ஒன்று, 'கடல் பார்த்த அறை'. மற்றது, 'மூலிகை வெந்நீர்த் தொட்டி'. அம்மாவுக்கு முழங்கால் வலி. வெந்நீரில் அரைமணி நேரம் காலை வைத்திருந்தால் அன்றிரவு தூங்குவார். கடலும் வெந்நீரும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கிறதென்றால் வேறென்ன வேண்டும்?

நண்பகலில் போய் இறங்கினோம். அறை ஆயத்தமாகவில்லை, இரண்டு மணியாகும் என்றார்கள். வரவேற்பறையின் நெகிழி நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குப் புட்டியாகத்தான் தரமுடியும், விலை இவ்வளவு என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "இது அம்மையார் ஊராச்சே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெரியபுராணத்தில் புனிதவதியார் வீட்டுக்கு அடியார் வந்தபோது சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. ஆகும்வரை இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கணவன் அனுப்பிவைத்த இரண்டு மாங்கனிகளில் ஒன்றை எடுத்துப் படைத்தார். அந்தக் கனியை வைத்துத்தான் இந்த ஊர் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் திருவிழா எடுக்கிறது. பிச்சாண்டவர் வீதிவலம் வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகள் மழையாக விழுகின்றன. விழா முடிந்ததும் விடுதிகள் வழக்கம்போல் இரண்டு மணி என்கின்றன.

ஊர்க்காரர்கள் என்ற முறையில் காரைக்கால் விடுதிகளைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். இங்கே வந்து தங்குபவர்களில் பெரும்பாலோர் இரு வகையினர். முதல் வகையினர் திருநள்ளாற்றுக்கு வருபவர்கள். வெள்ளி இரவு வந்து, சனிக்கிழமை விடியுமுன் எழுந்து, நளதீர்த்தத்தில் முழுகி, சனிபகவானைத் தொழுது, அன்று பகலிலேயே ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். இன்னோர் இரவு தங்கினால் கழித்த தோஷம் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சுபவர்கள்போல அவ்வளவு விரைவு. இரண்டாம் வகையினர் மதுவுக்காக வருபவர்கள். இதற்கு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் 1948இல் மதுவிலக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954இல் இந்தியாவுடன் சேர்ந்த பின்னும் இங்கே சட்டம் வேறு, வரி வேறு. தமிழ்நாட்டில் 1971இல் கடைகள் திறந்த பின்னரும் விலை வேற்றுமை நிலைத்தது. எல்லை தாண்டிவந்து குடித்துவிட்டுப் போகும் பழக்கம் ஆக மூன்று தலைமுறைப் பழக்கம். கடலைப் பார்ப்பதற்கென்று வந்து தங்குகிறவர் அரியர். விடுதிகளும் அதற்கேற்பவே அமைந்திருக்கின்றன. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனோம்.

கூடுதல் வாடகை கொடுத்துக் கடல் பார்த்த அறையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எடுத்தோம். எங்களுக்குப் பின்பக்க அறை. சாளரத்தைத் திறந்தால் மதில்சுவரும் சவுக்குத் தோப்பும்.

மாலை நன்றாகவே இருந்தது. அதை மறைக்கக் கூடாது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி மாணவர்களைக் கொட்டாவி விடச் செய்கிறோம். கிழக்குக் கடற்கரையில் கதிரவன் முதுகுக்குப் பின்னால் மறைகிறான் என்பதையும், கட்டடத்தின் நிழல் மெல்ல நீண்டு மணலைக் கடந்து அலைக்குள் இறங்குவதையும் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தோம். வாஞ்சூர்த் துறைமுகத்துக்காகக் காத்திருந்த கப்பல்களில் விளக்குகள் ஏறின. "தண்ணிக்கு நடுவுல ஊர் மாதிரில்ல இருக்கு" என்றார் அம்மா. இருபது நிமிடங்கள் இருக்கும். பிறகு எங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான்காம் அலகுக்கான சான்றுகள் எங்கே என்று. எழுந்து போய்விட்டோம்.

வெந்நீர்த் தொட்டி கீழ்த்தளத்தில் இருந்தது. நீலநிற ஓடு பதித்த அழகிய தொட்டி. அதற்குள் மடித்த நாற்காலிகளும் ஓர் உடைந்த மின்விசிறியும் கிடந்தன. கொதிகலன் பழுது என்றார் மேலாளர். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, சென்ற மழைக்காலத்திலிருந்து என்று வெள்ளந்தியாகச் சொன்னார். அறைக் குளியலறையிலோ குழாயில் உப்புநீர் வந்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. சினந்து சில சொற்கள் சொன்னோம். அம்மாதான், "போவட்டும், ஒருநாள் கால் வலிச்சா என்னா" என்று எங்களை அமைதிப்படுத்தினார்.

இரவு பத்து மணிக்கு எங்கள் அறையில் விளக்கணைத்தோம். குளிர்சாதனத்தின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நெடுநாளுக்குப் பின் ஆழ்ந்த உறக்கம்.

விடிந்து போய்ப் பார்த்தால் அவர்கள் அறை வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகளையும் காணோம். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. படுக்கை விரிப்பு கலையாமல் இருந்தது. சாளரத்தின்கீழே, முதல்நாள் பகலில் எங்கள் கண்ணில் படாத ஒரு திறந்தவெளி: மேசைகள், ஒலிபெருக்கிப் பெட்டிகள், கவிழ்ந்த புட்டிகள். கடலைப் பார்த்தபடி குடிப்பதற்கான இடம் அது. கடல் பார்த்த அறை பார்த்தது அதையும் சேர்த்துத்தான்.

ஓடிப்போய்த் தேடினோம். கரையரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மீது, கடலை நோக்கி, இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. அப்பாவின் துண்டு அம்மாவின் தலையில் முக்காடாக இருந்தது.

அந்த இரு முதுகுகளையும் நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். புதுச்சேரியில் படித்த காலத்தில் ஒரு திரைப்படக் கழகத்தில் சேர்ந்து பார்த்த படம்: யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வரும் முதிய கணவனும் மனைவியும். மகன் மருத்துவர், மகள் அழகுநிலையம் நடத்துபவள். இருவருக்கும் நேரமில்லை. ஆகவே செலவைப் பகிர்ந்துகொண்டு பெற்றோரை அதாமி என்ற ஊரின் வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அதாமி என்ற பெயரை எழுதும் சித்திர எழுத்துகளுக்கே 'வெப்பக் கடல்' என்பது பொருள். ஊற்றுநீரில் குளித்துக் கடலைப் பார்த்து ஓய்ந்திருக்கலாம் என்ற ஏற்பாடு. ஆனால் அது இளைஞர் கூட்டம் வந்து களிக்கும் விடுதி. இரவெல்லாம் சூதாட்டக் காய்களின் ஓசை, தெருப் பாடகர்களின் இசை. முதியவர்கள் படுக்கையில் புரள்கிறார்கள். அறைக்கு வெளியே இரண்டு ஜோடிச் செருப்புகளை மட்டும் காட்டுவார் ஓசு. மறுநாள் காலை கடற்சுவரின் மீது இருவரும் அமர்ந்து, ஊருக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொள்வார்கள். எழுந்திருக்கும்போது அந்த அம்மாளுக்குத் தலை சுற்றும். படத்தின் முடிவில் அவர் இல்லை.

அன்று படம் முடிந்து வெளியே வந்து, அந்த மகளை எப்படியெல்லாம் ஏசினோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. திருமணமாகாத காலம். தேநீர்க் கடையில் நின்று ஒரு மணி நேரம் பேசினோம். இப்படியும் பிள்ளைகள் இருப்பார்களா என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். ஆனால் ஓசு அவளைக் கொடியவளாகக் காட்டியதே இல்லை. பெற்றோருக்கு நல்ல இடமாகத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று அவள் மெய்யாகவே நம்புகிறாள். இருபது ஆண்டுகள் கழித்து, காரைக்கால் கடற்கரைக் கருங்கற்களுக்குப் பின்னால் நின்றபோதுதான் அந்தப் பாத்திரம் எங்களுக்கு விளங்கியது.

"தூங்கலியா?" என்று கேட்டோம்.

"தூங்குனோமே" என்றார் அப்பா. "நல்ல காத்து. வெளியில வந்து உக்காந்துட்டோம்."

"எப்பலேர்ந்து?"

பதில் இல்லை. அம்மா எழ முயன்றார். முழங்கால் பிடித்துக்கொண்டு, ஒரு கணம் தள்ளாடி அப்பாவின் தோளைப் பற்றினார். எங்கள் இருவருக்கும் நெஞ்சு நின்றுவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எதை நினைத்து அஞ்சினோம் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு" என்றார் அம்மா.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். பதினெட்டு வயதுக்குமேல் இராது. ஒடிசாவிலிருந்து வந்து சமையற்கட்டில் வேலை பார்ப்பவன். இரு கைகளாலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மணலில் தடுமாறி வந்து அம்மாவின் காலடியில் வைத்தான். ஆவி பறந்தது. "பாட்டி, சூடு தண்ணி. கால்." அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலும். இரவு இரண்டு மணிக்கு மேசைகளைத் துடைக்க வந்தவன் இவர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறான். அம்மா காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறான். தேநீருக்கு அடுப்பு மூட்டியதும் முதலில் இதைக் காய்ச்சியிருக்கிறான். காசு கொடுக்கப் போனோம். அப்பா எங்கள் கையைத் தடுத்து, மடியிலிருந்து தம் பணத்தை எடுத்து அவனிடம் கொடுத்தார். அந்தத் தடுத்தல் எங்களுக்கு இன்றும் உறைக்கிறது.

"வீட்டுக்குப் போவமா?" என்றார் அப்பா. எங்கள் வீட்டைச் சொல்கிறார் என்று எண்ணினோம். ஊரைச் சொன்னார். இரண்டாம் இரவுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கு வாதாடும் மனநிலையிலும் நாங்கள் இல்லை. பகல் பதினொரு மணிக்குத் திருமருகல் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏற்றிவிட்டோம். கார் வைத்துக் கொண்டுபோய் விட்டிருக்கலாம். மாலையில் கல்லூரியில் கூட்டம் இருந்தது.

படத்தை நினைத்து அம்மாவைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். மாதம் இருமுறை மருத்துவரிடம் அழைத்துப்போனோம். போனவர் அப்பா. 2019 ஐப்பசியில், அடைமழை நாளொன்றில், திண்ணையில் உட்கார்ந்தபடியே. நாக் குழு எங்கள் கல்லூரிக்கு நல்ல தரநிலையே வழங்கியிருந்தது.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். கூடத்தில் கோப்புகள் இல்லை. அந்த இரவைப் பற்றி நாங்களாகக் கேட்டதில்லை. சென்ற மார்கழியில் ஒருநாள் காலையில் வெந்நீர் விளாவிக் கொடுத்தபோது அவராகவே பேச்செடுத்தார். விடிய விடிய அப்பா கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். முதல் மாசிமகத்தில் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டுக் கரையெல்லாம் தேடிய கதை. பின்னால் பாட்டுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லையாம்.

"கடல் சத்தம் கேட்டுதா?" என்றோம்.

"அது எங்க கேட்டுது" என்றார் அம்மா. காலை வாளிக்குள் இறக்கி, கொஞ்சம் பொறுத்து, "இன்னும் செத்த சூடு வேணும். அந்தப் புள்ள கொண்டாந்தானே, அதுதான் பதம்" என்றார்.