கொஸ்லந்தை மலையடியில் ஒரு கலந்துரையாடல்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் வீதியில் இடப்புறம் மலை சுவர்போல நிற்கிறது. வலப்புறம் தெற்குச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. வன்னியின் தட்டை நிலத்தில் வளர்ந்த எனக்கு ஒவ்வொரு முடக்கிலும் வயிறு கலங்கியது. வழியில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவு லயங்களை மூடிய தோட்டம் அது. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களுடைய வீடுகள் தப்பவில்லை.

கொஸ்லந்தைக்கு அண்மையில், ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பெண்களுக்கான கலந்துரையாடல் நடந்தது. எங்கள் மாதர் சங்கத்திலிருந்து நால்வர் போயிருந்தோம். எம்முடன் வந்த அம்மாவின் பெற்றோர் 1977 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தவர்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவை எல்லோரும் கண்டிருந்தபடியால், அரைப் பேர் போனாலும் பரவாயில்லை என்று கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள்.

இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 என்றால் ஆயத்தம். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேறவேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். "மில்லிமீற்றர் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பக்கம் நேரான போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி, அடிமட்டம் வைத்து அளந்து காட்டினார்கள்.

ஆனால் பெண்களுக்குத் தெரிந்தது அதைவிட அதிகம். பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நிற்பது, இல்லாத இடத்தில் ஊற்று எழும்புவது, சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, தேயிலைக்குள் நிழல்மரம் சரிவது, நேற்று மூடிய கதவு இன்று மூட மறுப்பது என ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள்தானே முதலில் காண்பார்கள்! கான் அடைபட்டால் மழைநீர் மலைக்குள்ளேயே ஊறும் என்றும் ஒருவர் சொன்னார்.

"மிஸ், எழும்பிப் போங்கன்னு சொல்றீங்க. எங்க போறது?" என்று ஒரு தாய் கேட்டதும் சபை அமைதியானது. மீரியபெத்தைக்கும் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணி கிடைக்காத எச்சரிக்கை அரை எச்சரிக்கைதான் என்பது எனது கருத்து. இன்னொருவர் மெதுவாக, "ராத்திரின்னா எங்க வீட்டுக்காரர் எழும்பவே மாட்டாரு" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் அம்மா எழுந்தார். "புள்ளைகளா, நாங்க எத்தனையோ தடவை ஓடினவங்க. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கிளினிக் கொப்பி எல்லாத்தையும் ஒரே பையில போட்டு வாசல்ல தொங்கவிடுங்க. புருசனைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, புள்ளையத் தூக்குங்க."

அதன்பின் யாரும் எங்களைப் பார்க்கவில்லை, தங்களுக்குள்ளே பேசினார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் இரவில் கதவு தட்ட இருவர், நடக்கமுடியாதவரைத் தூக்க யார், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க யார் என்று பெயர் எழுதினார்கள். மழைக்கு முன் பாடசாலைக் கட்டடத்தின் சாவியை அதிபரிடம் கேட்பதென்றும் முடிவாயிற்று.

கீழ் லயத்துப் பாட்டி மட்டும் சம்மதிக்கவில்லை. மாட்டை யார் அவிழ்த்து விடுவது என்று கேட்டார். நாங்கள் பஸ்ஸுக்குப் புறப்படும்போது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.