பரணிலிருந்து இறங்கிய தையல் மிஷின்

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பினர் ஒரு நற்பணியில் இறங்கினோம். வீடுகளில் பயன்படாமல் கிடக்கும் துணிமணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சேகரித்து, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் பெண்களுக்கு நடைபெறும் தையல் வகுப்புக்குக் கொடுக்க முடிவு செய்தோம். வில்லியனூரிலும் சுற்றுப்புறத்திலும் வீடு வீடாகச் சென்று பதினொரு மூட்டைகள் சேர்த்தோம். ஒருத்தியின் வீட்டுப் பரணிலிருந்து பாட்டியின் கால் தையல் மிஷினும் இறங்கியது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூட்டைகளை அவிழ்த்த தையல் ஆசிரியை ஒன்றும் பேசவில்லை. நல்லவற்றை ஒரு பக்கமும் நைந்தவற்றை மறுபக்கமும் போட்டார். நைந்த குவியலே உயர்ந்து நின்றது. பிடியில்லாத வாணலி, பல் போன சீப்பு, துவைக்காத உள்பாவாடை! எங்கள் தோழி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அங்கே தையல் பழகுபவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த அம்மா எங்களைக் கோபிக்கவில்லை. “பழசு வந்தா பரவாயில்ல கண்ணு. அழுக்கா வந்தாத்தான் மனசு சங்கடப்படுது” என்றார். அன்றிரவு எங்களில் பலருக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளாமல் சில செய்திகளைச் சொன்னார். 1902இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் போதகர், வசதியுள்ளோர் வீடுகளில் பழைய பொருள்களைத் திரட்டி, அவற்றைச் செப்பனிட ஏழைகளுக்குப் பயிற்சியும் கூலியும் தந்தாராம். அதிலிருந்து வளர்ந்ததே ‘குட்வில்’ நிறுவனம். நம் நாட்டில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பின் வழியாக, கிராம மக்கள் தாங்களே குளம் வெட்டி, பாதை செப்பனிட்டு, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணிமணிகளைப் பெறுகிறார்கள். பிச்சையாக அல்ல! 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் நம் கடலோரச் சாலைகளில் உடுத்தத் தகாத பழந்துணிகள் குவிந்து கிடந்ததையும் சிஸ்டர் சொன்னார். அதே வேளையில் நம் அருகிலுள்ள ஆரோவில்லின் ‘உபாசனா’வில் மீனவப் பெண்கள் துணித் துண்டுகளைக் கொண்டு ‘சுனாமிகா’ என்னும் சின்னஞ்சிறு பொம்மைகள் செய்யக் கற்று வருவாய் ஈட்டினார்களாம். துணி ஒன்றுதான்; கொடுத்த விதம்தான் வேறு என்று உணர்ந்தோம்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் சென்றோம். துணிகளைத் துவைத்து உலர்த்தினோம். அறுந்த பொத்தான்களைத் தைத்தோம். நைந்த பருத்தித் துணிகளைக் கிழித்துக் கால்மிதிக்கு நாடாவாக்கினோம். மிஷினுக்கு எண்ணெய் விட்டு, எங்கள் சேமிப்பில் புதிய பெல்ட் வாங்கிப் போட்டோம்.

இன்று தோழியின் அம்மா அந்த மிஷினில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். எங்கள் பழைய பச்சைத் தாவணியில் அவர் தைத்த பைதான் இப்போது எங்கள் வகுப்பின் சாக்பீஸ் பை. தோழியும் தலைநிமிர்ந்து அதைக் கரும்பலகையருகே மாட்டுகிறாள்.

அன்புத் தோழியரே! அடுத்த தவக்காலத்தில் மூட்டை கட்டுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: “இதை நம் அம்மாவின் கையில் கொடுப்போமா?” ஆம் என்றால் மட்டும் முடிச்சுப் போடுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்