காட்பாடியில் ஒரு பந்தயம்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி வேலூர் பஸ் ஏறினேன். முன் ஆசனத்தில் தோல் மண்டிக் குமாஸ்தாக்கள் இருவர். அன்று மாலைக் கால்பந்தாட்டத்தில் ஊரிசுக் கல்லூரியே ஜயிக்கும் என்பது இளையவர் கட்சி. "தோற்றால் ஆம்பூர் பிரியாணி என் செலவு, அண்ணா!" என்றார். மூத்தவரும் சம்மதித்தார்.

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறிற்று. கீழே வெறும் மணல். பேச்சு நின்றது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு இவ்வாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துரைத்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது.

"அந்தத் தோல்தானே அண்ணா, நமக்குச் சோறு போடுகிறது?" என்றார் இளையவர்.

"உண்மைதான், தம்பி. பந்தயத்தில் தோற்றால் பிரியாணியோடு போயிற்று. ஆற்றை இழந்தால் எதைக் கொடுத்து மீட்பது?"

இளையவர் விடை கூறவில்லை; மணலையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.